காது ஜவ்வு ஆறும் காலம்

செவிப்பறை என்பது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறுக்களவும் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட மெல்லிய சவ்வு. பேச்சு வழக்கில் காது ஜவ்வு. வெளிப்பக்கம் தோல், உட்பக்கம் சளிப்படலம், நடுவே உறுதி தரும் நார்ப்படலம் என மூன்று அடுக்குகளால் ஆனது. அதற்குப் பின்னால் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு, அதுவே நடுச்செவி. இந்த அறைக்குக் காற்று வந்துபோக ஒரே வழி, மூக்கின் பின்புறத்தில் திறக்கும் யூஸ்டேசியன் குழல். பெரியவர்களுக்கு இதன் நீளம் சுமார் 36 மில்லிமீட்டர். மற்ற நேரமெல்லாம் மூடியே கிடக்கும் இந்தக் குழல், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். கடலில் முங்குபவரின் காது தப்புவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த ஒரு கணத்தைப் பொறுத்தது.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டர், அதாவது மீனவர் கணக்கில் ஐந்தரை பாகம் இறங்கினால், அது 2 ஆகிறது. 20 மீட்டரில் 3. அழுத்தம் கூடக்கூட, அடைபட்ட காற்றின் பருமன் சுருங்கும். முதல் 10 மீட்டரில் அது பாதியாகிவிடுகிறது. அடுத்த 10 மீட்டரிலோ பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. எனவே காதுக்கு ஆபத்தான இடம் ஆழ்கடல் என்று நினைப்பது தவறு, மேல்நீர்தான் ஆபத்து. நடுச்செவிக்குக் காற்று அனுப்பாமல் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கினாலே குழலின் வாய் அழுந்தி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதன் பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. அப்படியே தொடர்ந்தால் ஒன்றரை மீட்டர் முதல் 5 மீட்டருக்குள் ஜவ்வு கிழிந்துபோக வாய்ப்புண்டு. காயம்பட்ட காதோடு, ஆழமில்லாத இடத்தில் சும்மா ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம் என்று கிளம்புபவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஆரோவில்லை ஒட்டிய தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தொடங்கி வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரை நீளும் கரையில் இந்தக் காயம் பல வழிகளில் வரலாம். புதுச்சேரியிலிருந்து படகேறிப் போய் ஸ்கூபா முங்குபவர்கள் ஒரு வகை. பாறையில் சிக்கிய வலையை விடுவிக்க மூச்சடக்கி இறங்கும் மீனவர்கள் இன்னொரு வகை. அலைச்சறுக்குப் பலகையிலிருந்து பக்கவாட்டில் விழும்போது தண்ணீர் காதில் அறைவதும் கிட்டத்தட்ட ஒரு கன்னத்து அறைக்குச் சமம். அதிலும் ஜவ்வு கிழியும்.

அறிகுறிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில் காதடைப்பு, பிறகு குத்தும் வலி. இறங்க இறங்க வலி ஏறும். உச்சத்தில் அது சட்டென்று விட்டுப்போனால் மகிழ்வதற்கில்லை. ஜவ்வு கிழிந்து அழுத்தம் சமனாகியிருக்கலாம். கிழிசல் வழியாகக் குளிர்ந்த நீர் நடுச்செவிக்குள் புகுந்தால் உட்செவியின் சமநிலை உறுப்பு தடுமாறி, மேல் எது கீழ் எது என்று தெரியாத அளவுக்குத் தலை சுற்றும். உள்ளே போன நீர் உடல் சூட்டுக்கு வந்ததும் இது பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை கயிற்றையோ துணைக்கு வந்தவரையோ பற்றிக்கொண்டு நிற்பதே செய்யக்கூடியது. கரைக்கு வந்த பின் காதில் இரத்தம் கலந்த நீர் கசிவது, ஒலி மங்கிக் கேட்பது, மூக்குச் சிந்தும்போது காது வழியே காற்று சீறுவது ஆகியவை கிழிசலுக்கான அடையாளங்கள்.

கிழியாமலும் காயம் உண்டு. ஜவ்வு சிவப்பது, அதில் இரத்தம் கட்டுவது, நடுச்செவிக்குள்ளேயே இரத்தம் தேங்குவது, கடைசியாகக் கிழிவது எனப் படிப்படியாக இதை வகைப்படுத்தும் முறையை 1944-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் வாலஸ் டீட் உருவாக்கினார். இன்றும் பல மருத்துவர்கள் அந்த அளவுகோலையே பயன்படுத்துகிறார்கள். இந்தப் படிநிலையை வலியை வைத்து ஊகிக்க முடியாது. லேசாகச் சிவந்த ஜவ்வு துடிதுடிக்க வைக்கும். கிழிந்த ஜவ்வு வலியே இல்லாமல் இருக்கும். ஜவ்வு கிழிந்ததோ என்ற சந்தேகம் காதுக்குள் பார்க்கும் வரை சந்தேகமாகவே இருக்கும். அதுவரை கிழிந்ததாகவே கொள்வதுதான் அறிவுடைமை.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நிற்காத தலைசுற்றல், காதில் ஓயாத இரைச்சல், ஒரு பக்கம் கேட்கும் திறன் திடீரெனக் குறைவது, முகத்தின் ஒரு பாதி தொய்வது ஆகியவை அவை. நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே வட்டச் சாளரம் என்ற இன்னொரு மெல்லிய திரை இருக்கிறது. அடைத்த காதைத் திறக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு ஊதும்போது அது கிழியக்கூடும். அங்கே கசிவு ஏற்பட்டால் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போகும் ஆபத்து உண்டு. தலையை உயர்த்திப் படுக்க வைத்து, முக்காமல், மூக்குச் சிந்தாமல், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஸ்கூபா முங்கியவர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உட்செவியைத் தாக்கும் நோயும் இதே அறிகுறிகளோடு வரும். அதற்குச் சிகிச்சை அழுத்த அறையில்.

மற்றவர்களுக்கு முதல் உதவி என்பது பெரும்பாலும் சிலவற்றைச் செய்யாமல் இருப்பதுதான். காதுவலி என்றதும் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊற்றும் வழக்கம் தமிழ் வீடுகளில் இன்னும் போகவில்லை. கிழிந்த ஜவ்வு வழியே அந்த எண்ணெய் நேராக நடுச்செவிக்குப் போகும். ஈரப்பதம் மிகுந்த இந்தக் கடற்கரைக் காற்றில் காதுப் பூஞ்சைக்கு அது தோதான இடமாகிவிடும். பட்ஸ், ஊக்கு, கோழி இறகு எதுவும் உள்ளே போகக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளிலும் எச்சரிக்கை தேவை. ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் ஓட்டை வழியே இறங்கினால் உட்செவியின் உணர்வுச் செல்களைப் பாதிக்கக்கூடும். முங்குபவர்கள் காதை உலர்த்தப் பயன்படுத்தும் வினிகர், ஆல்கஹால் கலவையும் இந்த நேரத்தில் கூடாது. வலிக்குச் சாதாரண வலிமாத்திரை போதும். தொற்று இருந்தால்தான் ஆன்டிபயாட்டிக். அதையும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் காலாப்பட்டுப் பக்கம் கனகசெட்டிகுளத்தில் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று உதவும். அதை அதிரவிட்டு நெற்றி நடுவில் வைத்தால், ஜவ்வு மட்டும் கெட்டிருக்கும்போது ஒலி காயம்பட்ட காதில் உரக்கக் கேட்கும். உட்செவி கெட்டிருந்தால் நல்ல காதில் உரக்கக் கேட்கும். ஒரு கம்பித் துண்டு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது வியப்புத்தான். எவ்வளவு கேட்கிறது என்பதை ஆடியோகிராம் பதிவுசெய்யும். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கிழியாத ஜவ்வு சில நாள் முதல் சில வாரங்களில் தெளிந்துவிடும். நடுச்செவியில் இரத்தம் தேங்கியிருந்தால் ஒரு மாதத்தைத் தாண்டலாம். கிழிசல்களில் பத்தில் எட்டுக்குமேல் தாமாகவே மூடிக்கொள்கின்றன. சிறியவை சில வாரங்களில், பெரியவை மூன்று மாதம் வரை எடுத்துக்கொண்டு. உடம்பின் மற்ற இடங்களில் புண் அடியிலிருந்து ஆறி மேலே வரும். செவிப்பறையில் முறை வேறு. அடியில் தாங்க எதுவும் இல்லாத வெற்றிடத்தின் மீது வெளித்தோல் முதலில் விளிம்பிலிருந்து நகர்ந்து ஓட்டையை மூடுகிறது. நார்ப்படலம் பின்தங்கியே வருகிறது, சில நேரம் முழுமையாக வருவதே இல்லை. மூடியதாகத் தெரியும் புதிய ஜவ்வு அதனால்தான் பழையதைவிட நலிந்திருக்கிறது. மூடிய பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. முன்பணம் கட்டியாயிற்று, விடுமுறை இன்னும் மூன்று நாள்தான் என்ற கணக்கெல்லாம் ஜவ்வுக்குத் தெரியாது.

ஜவ்வு ஆறும் காலத்தில் காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொண்டு, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நீச்சல் குளமும் விலக்கு. சின்ன முதலியார்சாவடியில் உள்ள குவயட் மையம் போன்ற இடங்களில், வெதுவெதுப்பான குளத்தில் மல்லாக்க மிதக்கவைத்துச் செய்யும் வாட்சு சிகிச்சையும் விலக்கே; அதில் இரு காதுகளும் நீருக்குள் இருக்கும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். விமானப் பயணம் பற்றிய பயம் சற்றே மிகை. விமான அறையில் ஏற்படும் அழுத்த மாற்றம் சுமார் இரண்டரை மீட்டர் நீரில் முங்குவதற்குச் சமம். ஓட்டை இருக்கும் காதில் அது தானே சமனாகிவிடும். கிழியாமல் வீங்கி அடைத்திருக்கும் காதுக்குத்தான் விமானம் இறங்கும்போது தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மரக்காணத்து உப்பளங்கள் மழைநீரில் கிடக்க, கடலும் கலங்கிக் கொந்தளிக்கும். புரட்டாசியில் காயம்பட்டவர் பாத்தி வேலை தொடங்கும் தை வரை பொறுத்தால் இழப்பதும் அதிகமில்லை.

திரும்ப முங்கலாமா என்பதை முடிவுசெய்ய ஓட்டை மூடியது மட்டும் போதாது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதும்போது ஜவ்வு வெளிப்பக்கம் அசைவதை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். டிம்பனோமெட்ரி கருவியும் இதைக் காட்டும். கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, முதலில் காது ஏன் சமனாகவில்லை என்ற கேள்வி. சளி, ஒவ்வாமை, வளைந்த மூக்குத் தண்டு, சைனஸ், அல்லது அவசரம் என்று காரணம் எதுவானாலும் அது அப்படியே இருக்கும்போது ஜவ்வு ஆறுவது அடுத்த கிழிசலுக்கான அவகாசம் மட்டுமே. மூக்கடைப்புச் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குவதில் ஒரு பொறி உண்டு: நீருக்கடியில் அதன் வேகம் தீர்ந்துபோனால் ஏறி வரும்போது காற்று வெளியேற முடியாமல் காது உள்ளிருந்து வெளியே அழுந்தும்.

முதல் முறை திரும்புகையில் நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கால் கீழாக, மெதுவாக இறங்குவது நல்லது. தலை நீரில் அமிழும் முன்பே ஒரு தடவை காதைத் திறந்துவிட்டு, பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை. இதற்குப் பல முறைகள் உண்டு. மூக்கைப் பிடித்து ஊதுவது இத்தாலிய உடற்கூறியலாளர் வால்சால்வாவின் பெயரால் அறியப்படுகிறது. 1704-இல் காதைப் பற்றி நூல் எழுதியவர் அவர். மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்குவது டாயின்பீ முறை. நாக்கின் பின்பகுதியால் காற்றைத் தள்ளும் ஃபிரென்சல் முறைதான் காதுக்கு மென்மையானது. கற்றுக்கொள்ளச் சில நாள் பயிற்சி வேண்டும். காது திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மீண்டும் முயல வேண்டும். மறுத்தால் அன்றைய முங்கல் அதோடு முடிந்தது. காற்றுப் புகாத காதடைப்பானைப் போட்டு இறங்குவது பாதுகாப்புப் போலத் தோன்றினாலும், அதற்கும் ஜவ்வுக்கும் இடையே அடைபடும் காற்று புதிய காயத்தை உண்டாக்கும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்கள். தூத்துக்குடியில் பெரிய அளவிலான கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பரம்பரைத் திறமையை வியக்கலாம். ஆறிய காதுக்கு அது வழிகாட்டி ஆகாது. தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் மக்களில் சிலர் இளவயதிலேயே வேண்டுமென்றே ஜவ்வைக் கிழித்துக்கொள்வது உண்டு. ஓட்டை இருந்தால் வலி வராது என்பது உண்மைதான். கேட்கும் திறன் குறைவதும் திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பதும் அதற்குக் கொடுக்கும் விலை.

மூன்று மாதத்திலும் மூடாத ஓட்டைக்கு, காதுக்கு மேலுள்ள தசையின் உறையை எடுத்து ஒட்டுப்போடும் டிம்பனோபிளாஸ்டி அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அது நன்றாகப் பிடித்து, குழலும் சரியாக வேலைசெய்தால், மருத்துவர் ஒப்புதலோடு முங்கத் திரும்பியவர்கள் உண்டு. உலகெங்கும் ஸ்கூபா பள்ளிகள் நிரப்பச் சொல்லும் உடல்நிலைப் படிவத்தில் காது அறுவைச் சிகிச்சை பற்றிய கேள்வி வரும். அதை மறைப்பதால் ஏமாறுவது பயிற்சியாளர் அல்ல. ஆறாத ஓட்டை உள்ளவர்கள், நார்ப்படலம் இல்லாமல் தோல் மட்டும் மூடிய ஜவ்வு உள்ளவர்கள், அங்கவடி எலும்புக்கு ஸ்டேபிடெக்டமி செய்துகொண்டவர்கள், ஒரு காது ஏற்கெனவே கேட்காதவர்கள் ஆகியோர் அழுத்தத்துக்குள் இறங்காமல் இருப்பதே முறை. இவர்களில் ஓட்டை இல்லாதவர்களுக்கு, மருத்துவர் தடுக்காவிட்டால், முகமூடியும் ஸ்நார்கெலும் அணிந்து நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி கீழே பார்க்கும் அளவுக்குக் கடல் திறந்தே இருக்கிறது.