கணிப்பொறிக் கட்டமைப்புக் கல்வி
(சிதம்பரத்தில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் எப்பாடத்தை மேற்கொள்வது என்னும் வினா ஆண்டுதோறும் நம்மவர் இல்லங்களில் எழுகின்றது. கணிப்பொறி என்னும் ஒரு சொல்லைக் கேட்ட அளவிலே கடன்பட்டேனும் பணங்கட்டும் தந்தையர் பலர்; அச்சொல்லின்கீழ் அடங்கும் துறைகள் யாவை என வினவுவார் சிலரே. ஆகலின், அவற்றுள் பலரும் கருதாது விடுக்கும் கட்டமைப்புத் துறையைப்பற்றி இன்று சில கூற விழைகின்றோம்.

அஃது யாது? நம் வயல்களையே நோக்குவோம். கொள்ளிடத்தின் கீழணையினின்று வடவாற்றின் வழியே நீர் வீராணத்தை அடைகின்றது. ஏரியினின்று மதகுகளும் வாய்க்கால்களும் அதனை வயலுக்குச் சேர்க்கின்றன. விளைந்த நெல்லைப் புகழ்வோர் மதகினை நினைப்பதில்லை. எனினும், மதகு பழுதுறின் நெல்லேது? கணிப்பொறி உலகிலும் இங்ஙனமே. செய்திகளைத் தேக்கிவைக்கும் சர்வர் ஏரி போன்றது. அவற்றை உரிய வழியிற் செலுத்தும் ரௌட்டர் மதகு போன்றது. கண்ணாடியிழைக் கம்பி வாய்க்கால் போன்றது. இவற்றை அமைத்தல், காத்தல், பழுது நீக்கல், கள்வர் புகாது காவல் செய்தல், செய்திக்குப் படியெடுத்து வேறிடத்து வைத்தல் ஆகிய இவையே இத்துறையின் பாடங்களாம்.

‘இப்பொழுது யாவும் மேகத்தில் உள்ளனவே, இக்கல்வி எற்றுக்கு?’ எனச் சிலர் வினவலாம். அம்மேகம் வானத்திலில்லை. சென்னையை அடுத்த அம்பத்தூர், சிறுசேரி முதலிய இடங்களிற் பெருங்கட்டடங்களில் மின்சாரமும் குளிர்காற்றும் இடையறாது பெற்று நிற்கும் பொறிகளே அம்மேகம். 2002ஆம் ஆண்டிற் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்திற்குக் கம்பி இடப்பெற்றது. கடல்கடந்து செல்லும் செய்திகளிற் பெரும்பகுதி இத்தகைய கம்பிகள் வழியே செல்கின்றது.

இதன் அருமையை நம் மாவட்டத்தார்க்குப் பிறர் உரைக்க வேண்டுவதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தபொழுது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கிற் சாய்ந்தன. மின்சாரம் அற்றால் கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணிநேரமே தாங்கும். பின்னர் மக்களின் குரலும் அடங்கும். அத்தகைய நாளிலும் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தொடர்பு அறாதிருக்க வழிவகுப்பது இக்கல்வியன்றோ?

‘கம்பி இழுப்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டுமோ?’ என்று இகழ்வாரும் உளர். கைத்தொழிலைத் தாழ்வெனக் கருதும் இப்பழைய நோய் நம்மை விட்டு நீங்குதல் வேண்டும். அதே வேளையில், இடர்களையும் மறைத்தல் கூடாது. பொறி பழுதுறுவதற்கு இரவு பகல் என்பதில்லை. ஆதலின் இரவுப்பணி நேரும். செவ்வனே நடக்குங்கால் ஒருவரும் பாராட்டார். நின்றுவிடின் யாவரும் வைவர். முன்னர்ப் பலர் கையாற் செய்த வேலைகளை இந்நாளில் நிரல்களே செய்துமுடிக்கின்றன. ஆகவே, நிரல் எழுதக் கல்லாது கம்பியை மட்டும் அறிந்தவர்க்கு இத்துறையில் வளர்ச்சி அரிது.

1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம்மூரிலேயே உள்ளது. அங்கே 1945 முதல் பொறியியல் கற்பிக்கப்படுகின்றது. இங்குச் சேரினும் வேற்றூரிற் சேரினும், பாடத்தின் பெயரை மட்டும் கண்டு மயங்கற்க. ஆய்வுக்கூடத்திற் பொறிகளை மாணவர் தம் கையால் இணைத்துப் பழகுகின்றனரா, இயக்க முறைமையும் வலையமைப்பும் அடிப்படையினின்று கற்பிக்கப்படுகின்றனவா என்று நேரிற் சென்று வினவுக.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். உதவிப்பணம் வழங்குவதோடு நில்லாது, பழைய கணிப்பொறிகள் நான்கினைப் பெற்று நம் படிப்பகத்தில் வைத்தல் வேண்டும். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் விலையின்றியே கிடைக்கின்றது. ஆண்மக்களும் பெண்மக்களும் அவற்றைத் தாமே இணைத்தும் பிரித்தும் பழுது நீக்கியும் பழகட்டும். கடன்பட்டுக் கல்லூரியிற் சேருமுன்னரே இக்கல்வி தமக்கு ஏற்றதோ அன்றோ என்பதை அவர்கள் தெளிவர். அத்தெளிவு ஒரு குடும்பத்தைக் கடனினின்று காப்பினும் நம் முயற்சி பயனுடையதேயாம்.