தையல் டீச்சரின் பெயர்

(நூற்றாண்டு விழாவில் எங்கள் வகுப்பார் சார்பில் ஆற்றிய உரை)

 

இந்த மலருக்காக முன்னாள் ஆசிரியர்களின் பட்டியலைத் தயாரித்தபோது, எங்களுக்குத் தையல் படிப்பித்த மட்டக்களப்பு டீச்சரின் பெயரைச் சங்கத்தார் எங்களிடம் கேட்டார்கள். ஏழு பேர் கூடியிருந்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோர் வாயிலும் வந்தது 'பறங்கி டீச்சர்' என்பதுதான்.

அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். பறங்கியர் என்றால் பைலா, கப்ரிஞ்ஞா ஆட்டம், குடி, இன்று உழைத்ததை இன்றே செலவழிப்பது. திங்கட்கிழமை டீச்சர் பிந்தி வந்தால், "ராத்திரி கலியாண வீட்டுல ஆடியிருப்பா" என்று சிரிப்போம். அவர் ஆடி நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. கண்டதெல்லாம் மட்டக்களப்பு பஸ்ஸில் நின்றபடியே வந்து, களைத்த கையால் ஊசியில் நூல் கோக்கும் ஒரு மனுசியைத்தான்.

ஒருநாள் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் ஏசவில்லை. "புள்ளையள், உங்கள ஆரும் 'சோனி' எண்டு கூப்பிட்டா எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். வகுப்பு அடங்கிப்போனது. பிறகு தைக்கச் சொன்னார்.

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்தது என்பது பிற்காலத்தில் வாசித்தபோதுதான் விளங்கியது. 'பறங்கி' என்பது போர்த்துக்கேயரின் சொந்தப் பெயரே அல்ல. அரபிகள் பிராங்கு இனத்தாருக்கு வைத்த பெயர், ஐரோப்பியர் எல்லோருக்கும் பொதுவாகி, பாரசீக வழியில் நம் ஊர்ப்பக்கம் வந்தது. இங்கே அதை ஒரு நோய்க்கும் சூட்டினோம்: பறங்கிப்புண்.

நமக்கு ஆங்கிலத்தில் எழுதும் 'மூர்' என்ற பெயரும் அப்படித்தான். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் முஸ்லிம்களோடு நூற்றாண்டுக்கணக்காகப் போரிட்டவர்கள், 1505இல் இங்கு வந்து, வியாபாரிகளாயிருந்த நம் முன்னோரைக் கண்டதும் பழைய எதிரிகளின் பெயரையே ஒட்டிவிட்டார்கள். மொரோக்கோ எங்கே, நம் கடற்கரை எங்கே! பெயரோடு பகையும் வந்தது. முஸ்லிம் வழிவந்தவர்களை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றும் கட்டளை 1609இல் பிறந்தது. போர்த்துக்கலும் அப்போது அதே அரச வம்சத்தின் கீழ்தான் இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் இலங்கையில் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான்.

அதற்காகத் தையல் டீச்சர் எங்களிடம் கணக்குத் தீர்க்க வேண்டுமா? தச்சுவேலை செய்த ஒருவரின் மகள் அவர். வீட்டில் பேசியது போர்த்துக்கேயக் கிரியோல். வகுப்பில் நாங்கள் அன்றாடம் சொன்ன கதிரை, மேசை, வாங்கு, யன்னல், சப்பாத்து, காலையில் தின்றுவிட்டு வந்த பாண் எல்லாம் போர்த்துக்கேயம் தந்த சொற்கள். போர்த்துக்கேயரும் அரிசிக்கு வைத்திருக்கும் சொல்லை அரபியிலிருந்துதான் எடுத்தார்கள். இதையெல்லாம் அன்று அவரிடமே கேட்டிருக்கலாம். பைலா பாடத் தெரியுமா என்று கேட்க மட்டும்தான் எங்களுக்குத் தோன்றியது.

2004 சுனாமி ஒரே காலையில் நம் கரையையும், மட்டக்களப்பில் பறங்கியர் வாழ்ந்த டச்பாரையும் அழித்தது. டீச்சரைத் தேடிப் போகவேண்டும் என்று அப்போது பேசிக்கொண்டோம். போகவில்லை. எங்கள் வீடுகளே கிடந்த கிடை அப்படி. ஆனால் அதற்குப் பிந்திய வருடங்களுக்கு எங்களிடம் சாட்டு இல்லை.

கடைசியில் பழைய ஆசிரியர் வரவுப் பதிவேட்டில், சாய்வான அழகான கையெழுத்தில் அவர் பெயர் கிடைத்தது. மலரின் பட்டியலில் அதை முழுமையாகச் சேர்த்திருக்கிறோம். அச்சுப்படி பார்த்த தங்கச்சி ஒருத்தி, "இது ஆரு?" என்று கேட்டா.

"எங்கட தையல் டீச்சர்" என்றோம்.