வாசல் பனி

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ‘ஜப்பானில் ஓர் இங்கிலீஷ் டீச்சர்’ என்று அழைப்பிதழில் தலைப்பும் போட்டுவிட்டார்கள். புல்லட் ரயில், ரோபோ, நேரந்தவறாமை என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னியுங்கள். அதைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் வாசல் பெருக்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இதே கட்டடத்து மாடியில், இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்பில், கீட்ஸ் எழுதிய இலையுதிர்காலக் கவிதையைப் படித்தோம். 1819 செப்டம்பரில் வின்செஸ்டர் பக்கம் உலாவப் போய்விட்டு வந்து அவர் எழுதியது. நாங்கள் அதைப் படித்தது ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு. முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. “மிஸ்ட் என்றால் என்ன?” என்று சார் கேட்டார். “மார்கழிப் பனி சார்.” “ஸ்னோ?” “அதுவும் பனிதான் சார்.” “ஃப்ராஸ்ட்?” வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை வெச்சிருக்கீங்க. ஒண்ணையும் பார்த்ததில்ல” என்றார். நாங்களும் பார்க்காமலேயே பரீட்சை எழுதி, பாஸும் ஆனோம்.

2002-ம் வருஷம் ஏப்ரலில் என் கணவருக்கு ஜப்பானில், நீகாத்தா மாநிலத்து நாகஓகா நகரில், ஆராய்ச்சி வேலை கிடைத்தது. வீடு கிடைத்தது அதற்குத் தெற்கே ஒஜியா என்ற ஊரில். அப்போது நாற்பதாயிரம் பேர் இருந்த ஊர். வண்ணக் கெண்டை மீன் வளர்ப்புக்கும் ‘சிஜிமி’ என்ற நார்த்துணிக்கும் பேர் பெற்றது. அங்கே ஒரு ஜூனியர் ஹைஸ்கூலில் துணை ஆங்கில ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. விண்ணப்பித்தேன், கிடைத்தது.

இந்தத் துணை ஆசிரியர் ஏற்பாடு பற்றி மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1987-ல் ஜப்பான் அரசு ‘ஜெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கி அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்தது. பிறகு நாடுகளும் பெருகின, ஆட்களும் பெருகினார்கள். அதில் சேராமல் நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு. என் வேலை அந்த வகை. வகுப்பில் ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் இருப்பார். பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவதும், பேச வைப்பதும் நம் வேலை. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷம் இருப்போமா என்பது அடுத்த வருஷம்தான் தெரியும்.

ஒவ்வொரு வகுப்பும் ஒரே கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். “ஹௌ இஸ் த வெதர் டுடே?” டிசம்பரிலிருந்து மார்ச் வரை நாற்பது குரலும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லும்: “இட் இஸ் ஸ்னோயி.” முதலில் எனக்கு இது அசட்டுத்தனமாகப் பட்டது. நம் ஊரில் யாராவது வகுப்பில் வந்து “இன்னிக்கு வெயிலா?” என்று கேட்பார்களா? ஆனால் அந்த ஊரில் பருவம்தான் கால அட்டவணை. ஜூன் முதல் தேதி பள்ளிச் சீருடை கோடைக்கு மாறும், அக்டோபர் முதல் தேதி திரும்பக் குளிருக்கு மாறும். ஜூன் முதல் தேதி எவ்வளவு குளிராக இருந்தாலும் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையில் நடுங்கிக்கொண்டு வருவார்கள். தேதி என்றால் தேதி.

எங்களை மாதிரி வெளிநாட்டு ஆசிரியர்கள் சுற்றுவட்டாரத்தில் ஆறேழு பேர் இருந்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவோம். நியூசிலாந்துப் பெண் ஒருத்தி, கனடாக்காரப் பையன் ஒருத்தன், அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர். நான்தான் வயதில் மூத்தவள், கல்யாணமானவள், புடவை கட்டுகிறவள். பேச்சு பெரும்பாலும் பருவத்தைப் பற்றித்தான் இருக்கும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் என் பட்டுப் புடவையில் பூஞ்சணம் பூத்ததும், நியூசிலாந்துப் பெண்தான் அலமாரிக்குள் வைக்கிற ஈரம் உறிஞ்சும் டப்பாவை வாங்கிக் கொடுத்தாள். குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ராத்திரி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு வைக்கச் சொல்லித் தந்தவன் கனடாக்காரன். மண்ணெண்ணெய் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வரும், 18 லிட்டர் சிவப்பு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ரேஷன் கடை வரிசையில் நின்ற நமக்கு அது ஒன்றும் புதுசில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான்தான் அவர்களுக்கு குரு.

முதல் பனி விழுந்ததும் அம்மாவுக்கு, “இங்கே பனி விழுகிறது” என்று கடிதம் எழுதினேன். பதில் வந்தது: “பனியில் நிற்காதே. தலைக்கு மப்ளர் கட்டிக்கொள். இஞ்சிக் கஷாயம் குடி.” பாவம், அம்மா மார்கழிப் பனியைச் சொல்கிறாள். இங்கே என் வீட்டு ஜன்னலில் பாதி மறைந்திருந்தது.

அந்தப் பகுதி ஜப்பானிலேயே பேர் போன பனி நாடு. சைபீரியாவிலிருந்து வருகிற குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மலையில் மோதிக் கொட்டிவிட்டுப் போகும். கனமான, ஈரமான பனி. சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். நாகஓகாவில் 1960-களில் பரவிய முறை. தண்ணீரில் இருக்கும் இரும்புச் சத்தால் தெருவெல்லாம் செம்பழுப்பாகிவிடும். முதன்முதலில் பார்த்தபோது நம்ம செம்மண் ரோடு நினைவு வந்தது.

காலையில் எழுந்து கதவைத் திறந்தால் என் வீட்டு வாசலிலிருந்து தெரு வரை அழகாக ஒரு வழி வெட்டியிருக்கும். தினமும். பரவாயில்லையே, நகராட்சிக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு பூட்ஸ் நனையாமல் பள்ளிக்குப் போவேன். மூன்று வாரம் இப்படி.

ஜனவரி சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் இடுப்பு வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. கனடாக்காரன் கேட்டான், “உங்கள் வாசல் பனியை யார் அள்ளுகிறார்கள்?” “நகராட்சி” என்றேன். அறையே அமைதியானது. பிறகு நியூசிலாந்துப் பெண் மெதுவாகச் சொன்னாள், “நகராட்சி சாலையைத்தான் பார்க்கும். வாசல் அவரவருடையது.”

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதைத் தொடும் வயது, முதுகு நன்றாக வளைந்தவர். தன் வாசலை முடித்துவிட்டு என் வாசலில் நின்று அள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே இருக்கிற பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் தெளிக்காமல் கிடந்தால் அந்த வீட்டில் என்னவோ ஏதோ என்று தெருவே பேசுகிற ஊரில் வளர்ந்தவள் நான். பொழுது விடியுமுன் வாசல் என்று பாட்டியிடம் அடி வாங்கிக் கற்றவள். அப்படிப்பட்டவள் வாசலை மூன்று வாரமாக எண்பது வயதுக் கிழவி செய்திருக்கிறாள், நான் அதில் நடந்து போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினேன். தெரிந்த ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி சிரித்தார். “சென்செய் சூடான ஊர்க்காரங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். சென்செய் என்றால் டீச்சர். அந்த வார்த்தை அன்றைக்குக் குத்திய மாதிரி எப்போதும் குத்தியதில்லை.

அன்றே கடைக்குப் போய் ஒரு பனி அள்ளி வாங்கினேன். பெரிய முறம் மாதிரி இருக்கும், இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு ‘மாமாசான் டம்ப்’ என்று பெயர். எந்த மாமா என்று யோசித்தேன். மாமா என்றால் அம்மாவாம்! வீட்டு அம்மாக்களே தள்ளிவிடலாம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டிதான் பழக்கினார். தூக்காதே, தள்ளு. அடுத்த வீட்டுப் பக்கம் கொட்டாதே. கூரை விளிம்புக்கு நேர் கீழே நிற்காதே, மேலிருந்து சரிந்தால் ஆளைப் புதைத்துவிடும்.

அதன்பிறகு அந்த ஊர் எனக்குத் திறந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் வந்ததும் பனி வயலில் சிஜிமித் துணியை நீள நீளமாக விரித்து வெளுக்கப் போடுவார்கள். பாட்டி கூட்டிப் போய்க் காட்டினார். (2009-ல் யுனெஸ்கோ அந்த நெசவை மரபுப் பட்டியலில் சேர்த்தது என்று படித்தபோது எங்கள் தெருவுக்கே பரிசு வந்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.) பனி உருகின மண்ணில் முதலில் எட்டிப் பார்க்கிற ஒரு கசப்பு மொட்டைப் பறித்து, மாவில் தோய்த்துப் பொரித்துத் தந்தார். நம் வேப்பம்பூவுக்குத் தம்பி. நான் முகம் சுளிக்காமல் சாப்பிட்டதில் அவருக்குப் பரம திருப்தி.

ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் நாகஓகாவில் பெரிய வாணவேடிக்கை நடக்கும். 1945 ஆகஸ்ட் முதல் தேதி இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு, 1,480-க்கும் மேற்பட்டவர்கள் அந்த நகரில் இறந்தார்கள். அவர்கள் நினைவாகவும்தான் அந்த வேடிக்கை. எங்களோடு வந்த அமெரிக்கப் பையனுக்கு இது அங்கே வந்துதான் தெரிந்தது. அவன் பாதியில் எழுந்து போய்த் தனியாக நின்றான். பாட்டி வறுத்த சோளக் கதிர் ஒன்றைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்தார்.

2004 அக்டோபர் 23, சனிக்கிழமை. அறுவடை முடிந்துவிட்டது. மூன்று நாள் முன்னால் அடித்த புயல் மழையில் மலை ஊறிப் போயிருந்தது. மாலை 5.56-க்கு நிலம் ஆடியது. அளவு 6.8. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் பலமாக, மறுபடியும். கடைசிக் கணக்கில் 68 பேர் இறந்தார்கள். அதில் பலர் பிறகு, நெருக்கடியிலும் அலுப்பிலும் உடல் தளர்ந்து போனவர்கள். பக்கத்து மலைக் கிராமமான யாமகோஷியை மொத்தமாகக் காலி செய்து, ஹெலிகாப்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

என் கணவர் நாகஓகாவில் மாட்டிக்கொண்டார். நான் பாட்டியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். நூற்றுக்கணக்கானவர்கள், போர்வைகள், விளக்கில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொல்வார்கள், கூட்டம் ஒரு பக்கமாக நகரும். எனக்கும் நியூசிலாந்துப் பெண்ணுக்கும் பாதி புரியாது. அவசரத்தில் பேசுகிற ஜப்பானிய மொழி வேறு மாதிரி.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நம் கணக்குக்கு ஒன்பதாவது. இரண்டரை வருஷத்தில் என்னிடம் வாய் திறந்ததில்லை. வெதர் கேட்டால்கூட உதட்டை மட்டும் அசைப்பான். மறுநாள் காலையில் அவன் அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கரில் எழுதி, எங்கள் இரண்டு பேர் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தான். “வாட்டர் 9 ஓ க்ளாக்.” “ரைஸ் பால் 12.” “நோ டிரிங்க் திஸ் வாட்டர்.” கடைசி அட்டையில், “டீச்சர், ஷூஸ் ஆன் ஸ்லீப்.” செருப்போடேயே தூங்குங்கள், ஓட வேண்டி வரலாம் என்று அர்த்தம். நாலு வார்த்தையில் மூன்று தப்பு இருக்கலாம், நான் திருத்தவில்லை. இன்றைக்கும் அந்த அட்டை என் வீட்டில் இருக்கிறது.

சோதனைக்கு வந்த பொறியாளர்கள் வீடு வீடாகக் காகிதம் ஒட்டினார்கள். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் நுழையக் கூடாது. எங்கள் வீட்டுக்குப் பச்சை. பாட்டி வீட்டுக்குச் சிவப்பு. சைதாமாவிலிருந்து மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள். காரில் ஏறும் முன் பாட்டி என் கையைப் பிடித்து, “தூக்காதே, தள்ளு” என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் பனி வந்தது. அந்த வருஷம் அதிகமாகவே வந்தது. தினமும் விடியற்காலை என் வாசலை முடித்துவிட்டு, சிவப்புக் காகிதம் ஒட்டின அந்த வீட்டு வாசலையும் தள்ளினேன். யாரும் வரப் போவதில்லை என்று தெரியும். என் கணவர் ஒன்றிரண்டு தரம் கேட்டுவிட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஒருநாள் அந்தப் பையன் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று பார்த்தான். “வை?” என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, எந்த மொழியிலும். மறுநாள் அவன் வீட்டு டம்ப்பைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான்.

2005 மார்ச் கடைசியில் என் கணவரின் வேலை முடிந்து கிளம்பினோம். அங்கே அப்போதும் பனி கிடந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சைதாமாவுக்குப் போன் செய்தேன். பாட்டி என் உடம்பையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை.

“என் வாசல்ல எவ்வளவு கிடக்கு, சென்செய்?”

“ஒண்ணும் இல்ல பாட்டி. தெரு வரைக்கும் வழி இருக்கு.”