நோய் அங்கே, நட்டம் இங்கே!



2006 பிப்ரவரியை நாம் மறந்திருக்க மாட்டோம். மகாராஷ்டிராவில் நவாப்பூர் என்கிற ஊரில் பறவைக் காய்ச்சல் என்று அறிவிச்சாங்க. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. நவாப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே தூரம். நம்ம பக்கம் ஒரு கோழிக்கும் அந்த நோய் இல்லை. ஆனாலும் வளைகுடா நாடுகள் இந்திய முட்டையே வேண்டாம்னு கதவைச் சாத்தின. கப்பலேற வேண்டிய முட்டை உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பியது. உள்ளூர் சனமோ பயந்துபோய் கறியையும் முட்டையையும் தொடவில்லை. நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துப்போகும் என்று சொல்லியும் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அப்புறம் விலை எங்கே நிற்கும்?

"எங்கிட்ட பண்ணை இல்லையே, எனக்கென்ன?" என்கிற மக்காச்சோள விவசாயி யோசிச்சுப் பாருங்க. பெரம்பலூர்ச் சோளம் போவது கோழித் தீவன ஆலைக்குத்தானே? பண்ணையில் குஞ்சு விடவில்லை என்றால் சோளத்தை யார் வாங்குவது? கூலிக்குக் கறிக்கோழி வளர்க்கிற நம்ம ஆட்கள் பாடு இன்னும் மோசம். விலை விழுந்தால் கம்பெனி குஞ்சு இறக்காது. கொட்டகை காலி, பேங்க் வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

2025 மே மாதம் பிரேசிலில் நடந்ததையும் கேளுங்க. உலகத்திலேயே அதிகமாகக் கோழிக்கறி ஏற்றுமதி செய்கிற நாடு அது. மான்டிநெக்ரோ என்கிற ஊரில் ஒரே ஒரு வணிகப் பண்ணையில் நோய் வந்தது. சீனா பிரேசில் முழுமைக்கும் தடை போட்டது. ஜப்பான் அந்த ஊர்க் கறியை மட்டும் நிறுத்தியது. ஜப்பான் செய்ததுதான் முறை. நோய் உள்ள பகுதியைத் தனியாகப் பார்க்கணும் என்றுதான் உலக வணிக அமைப்பின் விதியும் சொல்கிறது.

நம்ம அரசாங்கம் மட்டும் என்ன ஒழுங்கு? அமெரிக்கக் கோழிக்கு நாடு முழுமைக்கும் தடை போட்டு, அதே அமைப்பில் 2015-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அமெரிக்கக் கோழிக்கால் இங்கே மலிவாக வந்து குவியக்கூடாது என்பதில் நமக்கு இரண்டு பேச்சு இல்லை. அதுக்கு இறக்குமதி வரி இருக்கு. நோயைச் சாக்கு சொன்னால் நாளைக்கு நம்ம முட்டைக்கும் அதே சாக்கு வரும்.

இப்போது இழப்பீட்டுக்கு வருவோம். நோய் வந்த இடத்தில் அழிக்கிற கோழிக்கும் முட்டைக்கும் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி தருகிறது. விலை விழுந்து நொடிந்தவனுக்கு ஒரு பைசா கிடையாது. அந்த நட்டத்துக்கும் ஈடு வேண்டும், கொட்டகைக் கடனுக்கு அந்த மாதங்களின் வட்டியைத் தள்ள வேண்டும் என்று கேட்கிறோம். 2023-இல் இந்தியாவில் 26 பண்ணைத் தொகுதிகள் நோயற்றவை என்று உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றது, தமிழ்நாட்டிலும் உண்டு. அந்தச் செலவு சின்னப் பண்ணைக்குக் கட்டுப்படியாகாது. பல பண்ணை சேர்ந்து சான்று வாங்க அரசு செலவு செய்யட்டும்.

வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். கோழி எடை போட்ட சீட்டு, சோளம் விற்ற பில், கடன் பாஸ்புத்தகம் மூன்றுக்கும் நகல் எடுத்துக்கிட்டு வாங்க. வெறுங்கையோடு வந்தால் "எழுதிக் குடுத்துட்டுப் போங்க"ன்னு அனுப்பிருவாங்க.