சித்தி ஆத்து கிரைண்டரும் பாத்திர மிஷினும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி உறுப்பினர்களின் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

சமையலறை மிஷின்களைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஒரு ஆத்துக் கதையைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன்.

பாறசாலையில் என் சித்தி தனியாக இருக்கிறாள். வயது 78. பத்துப் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மாளுக்கு முழங்கால் வலி வந்து நின்றுவிட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை 2021-இல் ஒரு டிஷ்வாஷர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். சித்திக்கு முதலில் அவநம்பிக்கை. பிறகு பிடித்துப்போயிற்று. ஈயச்சொம்பையும் கல்சட்டியையும் மட்டும் கிட்டக் கொண்டுபோக மாட்டாள். அது சரிதான். அந்தச் சோப்புப் பொடியின் காரம் ஈயத்தையும் அலுமினியத்தையும் கறுக்க அடித்துவிடும்.

2023 ஐப்பசியில், துலாவர்ஷ இடி மின்னலில் மிஷின் நின்றுபோயிற்று. கம்பெனிக்குப் போன் செய்தால் பின்கோடு கேட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர் ஆள் வர ஒன்பது நாள். வந்தவர் மூடியைத் திறந்து பார்த்து, "போர்டு முழுசா மாத்தணும், அந்த மாடல் நின்னுபோச்சு, எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருஷம்தான் ஓடிய மிஷின்!

அதே சமையலறையில் 1984-இல் வாங்கிய கிரைண்டர் நிற்கிறது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் வடிவமைத்த வகை. அதில் இருப்பது என்ன? மோட்டார், பெல்ட், புல்லி, டிரம், கல். பெல்ட் அறுந்தால் களியக்காவிளையில் வாங்கலாம். கடைக்காரர் மலையாளத்தில் அளவு கேட்டுத் தமிழில் விலை சொல்லுவார். காயில் எரிந்தால் திரும்பக் கட்டலாம். கல் தேய்ந்தால் கொத்தலாம். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றிவிட்டு மறுநாள் தோசைக்கு அரைக்கலாம். சித்தி கேட்டாள்: "ஏண்டா, கல்லு நாப்பது வருஷமா ஓடறது, பொட்டி ரெண்டு வருஷம் ஓட மாட்டேங்கறதே?"

பாத்திர மிஷின் ஒன்றும் புதிதல்ல. ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்க மாது 1886-இல் காப்புரிமை வாங்கி, 1893 சிகாகோ கண்காட்சியில் வைத்தார். 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போன விவேகானந்தர் மறுவருஷம் சர்வமத மகாசபையில் பேசினாரே, அந்தச் சபையும் அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்த பழைய மிஷின்களில் கடிகாரம் மாதிரி சுற்றும் டைமர் இருந்தது. அதிலுள்ள பல் சக்கரம் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிவிடும். கோளாறைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இப்போது அந்த வேலையைப் போர்டு செய்கிறது.

புதியதைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. பழையவை தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். இன்றையவை ஒரு ஈட்டுக்குச் சுமார் 10 லிட்டரில் கழுவிவிடும். மின்சாரமும் மிச்சம். ஆனால் போர்டுக்கு இடியும் ஆகாது, சாயங்கால லோ வோல்டேஜும் ஆகாது. நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் தண்ணீர்த் தொட்டி தாழ்வாக இருக்கும். மிஷினுக்கு நாலைந்து மீட்டர் உயரத்து அழுத்தமாவது வேண்டும். வாங்குகிற பிள்ளைகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல், டிஷ்வாஷர் மாடல் சந்தையில் நின்றபிறகும் சில பாகங்களை 7 வருஷமும் சிலவற்றை 10 வருஷமும் தரவேண்டும் என்று சட்டம். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் இதற்கு ஒரு குழு அமைத்தது; அந்த வருஷ டிசம்பரில் இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் விவரம் தரலாம் என்பதோடு சரி, தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு ஆதங்கம் என்னவென்றால், களியக்காவிளையில் கூப்பிடு தூரத்தில் கெட்டிக்கார மெக்கானிக் இருக்கிறார், அவர் கையில் பாகமும் இல்லை, படமும் இல்லை.

சித்தி விஷயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அந்த மெக்கானிக்கே போர்டைக் கழற்றிக் கொடுத்தார். திருவனந்தபுரத்தில் டிவி போர்டு பார்க்கும் ஒரு பையனிடம் கொண்டுபோனேன். மின்சாரம் நுழையுமிடத்தில் ஒரு ப்யூஸும், பட்டாணி அளவில் ஒரு வேரிஸ்டரும் கருகியிருந்தன. இரண்டையும் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூலி 350 ரூபாய். ஆனால் அதற்குள் ஏழு வாரம் போய்விட்டது. அத்தனை நாளும் சித்தி குனிந்து தேய்த்ததில் இடுப்புப் பிடித்து, வைத்தியருக்குக் கொடுத்தது அதைவிட அதிகம்.

இப்போது மானம் கறுத்தால் சித்தி முதலில் பிளக்கைப் பிடுங்குவாள், அப்புறம்தான் காயப்போட்ட வடாத்தை எடுக்க ஓடுவாள். உங்கள் ஊரில் போர்டு பார்க்கத் தெரிந்தவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு பெயரும் போன் நம்பரும் காரியதரிசிக்கு எழுதி அனுப்புங்கள். தனியாயிருக்கும் மாமிகளுக்காக ஒரு பட்டியல் போடலாம் என்றிருக்கிறோம். பாறசாலைக்கு இரண்டு பெயர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.