வைக்கோலும் சிலந்தியும்

(பாலையூற்றிற் கூடிய கமக்காரர் முன் நிகழ்த்திய உரை)



சிறுபோக வெட்டு முடிந்து, பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்துங் காலம் இது. கந்தளாய், தம்பலகாமம் வழியாகப் பாலையூற்றுக்கு வருவோர் இந்நாட்களில் வயல்வெளியிற் புகை எழுவதைக் காண்பர். வெட்டு இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோல் எரிகின்றது. அப்புகையோடு நம் வயலை விட்டுப் போவது யாது என்பதைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

உயிர்கள் இயங்குவதற்குச் சத்தி வேண்டும். வயலுக்கு அச்சத்தி ஞாயிற்றொளியிலிருந்து கிடைக்கின்றது. நெற்பயிரும் களையும் நீரிற் படரும் பாசியும் ஒளியைப் பற்றி மாப்பொருளாகச் சேமிக்கின்றன. பயிரின் சாற்றைத் தத்தி உறிஞ்சுகின்றது. தத்தியைச் சிலந்தியும், சிலந்தியைத் தவளையும், தவளையைக் கொக்கும் உண்கின்றன. தவளை தத்தியையும் உண்ணும். தும்பி கையிற் கிடைத்த எதையும் உண்ணும். இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதனால் இதனை உணவுவலை என்கின்றோம். இலங்கையின் நீர்ப்பாசன வயலொன்றை ஆராய்ந்து 2004 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கில், முள்ளந்தண்டில்லாத உயிர்கள் மட்டும் 494 இனங்கள் இருந்தன. அவற்றுட் பயிருக்குப் பகையானவை சிறு பகுதியே.

இவ்வலையில் ஒரு கடுமையான கணக்கு உண்டு. ஒரு படியில் உள்ள சத்தியில் அடுத்த படிக்குச் சென்று சேர்வது ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான். எஞ்சியது மூச்சிலும் அசைவிலும் வெப்பமாகக் கழிகின்றது, கழிவாகவும் போகின்றது. சத்தி படிப்படியாகக் குறைந்து செல்வதை 1942 ஆம் ஆண்டில் இரேமண்ட் லிண்டெமன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு சிறு ஏரியை வைத்து விளக்கினார். பருமட்டாகச் சொன்னால், நூறு இறாத்தற் பயிர் பத்து இறாத்தற் பூச்சியைத் தாங்கும். அப்பூச்சி ஓர் இறாத்தற் சிலந்தியைத் தாங்கும். மாட்டுக்குத் தீன் போட்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

ஆகவே சிலந்தி முதலிய காவலர் தொகையிற் குறைந்தவர்.  விதைத்த முதற் கிழமைகளில் வயலில் தத்தி இல்லை. அப்போது சிலந்தி எதை உண்டு உயிர் வாழ்கின்றது?

விடை வைக்கோலில் இருக்கின்றது. சேற்றில் மக்கும் வைக்கோலை நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவற்றையும் மக்கிய துகளையும் நீரில் வாழும் சிறு புழுக்கள் உண்கின்றன. அப்புழுக்கள் நுளம்பை ஒத்த, ஆயினுங் கடியாத சிறு பூச்சிகளாகி நீரின் மேல் எழுகின்றன. இவையே சிலந்தியின் முதல் உணவு. யாவாத் தீவின் வயல்களில் நடந்து 1996 இல் வெளியான ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டியது. மக்குப் பொருள் சேர்த்த வயலில் இச்சிறு பூச்சிகள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து காவற் பூச்சிகளும் பெருகின. பின்னர் தத்தி வந்து இறங்கும்போது காவலர் முன்னரே அங்கு இருப்பர்.

வைக்கோலை எரித்தவர் இக்காவலரின் உணவை எரித்தவராவர். பயிர் நிலத்திலிருந்து எடுத்த பொற்றாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலே தங்குகின்றது; அது சாம்பலாகி ஒரே மூலையிற் குவிந்து கிடக்கும். நைதரசனோ பெரும்பாலும் புகையோடு போய்விடும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது எத்துணை அல்லலுற்றோம் என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

அடுத்த பிழை, முந்தித் தெளித்தல். இளம்பயிரின் இலையிற் புழுவைக் கண்டதும் பூச்சிநாசினியைத் தேடி ஓடுகின்றோம். அது சிலந்தியையும் தும்பியையும் சேர்த்துக் கொல்லும். அறக்கொட்டியான் என்று நம்மவர் சொல்லும் கபிலத் தத்தியின் முட்டை இலைமடலுக்குள் இருப்பதால் நஞ்சு அதனை எளிதிற் சேராது. குஞ்சு பொரித்து வெளிவரும்போது தடுப்பார் எவருமில்லை. பயிர் வட்டம் வட்டமாகக் கருகுகின்றது. இவ்வாறு பெருநட்டம் கண்ட இந்தோனேசிய அரசு, 1986 ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாது எனத் தடை செய்தது. நஞ்சு வடிநீரோடு கடலை நோக்கியும் செல்லும் என்பதைக் குடாவில் இறால் பிடிக்கும் நம் அயலவர் பொருட்டும் நினைவிற் கொள்ளவேண்டும். இறால் பூச்சிக்கு நெருங்கிய உறவு. பூச்சியைக் கொல்லும் நஞ்சு பல இறாலையும் கொல்லும்.

வைக்கோல் கலப்பையிற் சிக்குகின்றது என்பீர்கள். அது மெய்தான். இயந்திரம் வரிசையாகக் கொட்டியதை அப்படியே விட்டால் உழவு இயலாது. ஆதலின் அதனை வயலெங்கும் பரப்பிவிடுங்கள். முதல் உழவின்போது நீர் கட்டிப் புரட்டி, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள். அவ்விடைவெளி தவறினால், மக்கும் வைக்கோல் நைதரசனைத் தன்பால் இழுத்துக்கொள்ள, நாற்று மஞ்சளிக்கும். நோய் கண்ட வயலின் வைக்கோலை மட்டும் வெளியே எடுத்துக் கூட்டெருவாக்குக.

விதைத்து முதல் 40 நாட்களில் இலை தின்னும் புழுவுக்காக மருந்து தெளிக்கவேண்டா. பயிர் புது மட்டம் வெடித்து அவ்விழப்பை ஈடுசெய்யும். பனிப்பூச்சி மிகுந்தால், நீர் வசதி உள்ளோர் பயிர் மூழ்க ஓரிரு நாள் நீர் கட்டிப் பின்னர் வடிக்கலாம்.

மரக்கறி செய்வோருக்கும் ஒரு சொல். மிளகாய்ப் பாத்தியிலும் கத்தரிப் பாத்தியிலும் சருகும் வைக்கோலும் மூடாக்காக இட்டால், ஈரம் காப்பதோடு சிலந்திக்கும் தரைவண்டுக்கும் அது உறைவிடமாகும். வேர் மூடாக்குத் தண்டை ஒட்டாதிருக்கட்டும். ஒட்டினால் தண்டு அழுகும்.

இப்போகத்தில், விதைத்த மூன்றாங் கிழமை தொடங்கிக் கிழமைக்கொரு காலை வயலில் இறங்கிப் பயிரின் அடியை விலக்கிப் பாருங்கள். பத்து இடங்களிற் சிலந்தி எத்தனை, தத்தி எத்தனை என எண்ணி ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். தத்தி ஏறிச் சிலந்தி ஏறாதிருந்தால், மருந்துக் கடைக்குப் போகுமுன் அக்கொப்பியோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் வாருங்கள்.