அளக்காத குளத்து நீரைப் பங்கிட முடியாது

(பெற்றோரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் கமக்காரர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முறையை அவர்கள் நன்கறிவர். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பது முதலிற் சபையில் வைக்கப்படும். அதன் பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு, எந்நாளில் நீர் திறப்பது என்பன பேசித் தீர்க்கப்படும். நீரின் அளவைச் சொல்லாது, “எல்லோரும் விதையுங்கள், நீர் வரும்” என்று ஓர் அதிகாரி கூறுவாராயின், அக்கூட்டம் அவரை இலேசில் விடாது.

இன்று நாம் கேட்க வந்திருப்பது இதுவே: ஒரு போகத்துக்கு வேண்டுமென்று நாம் வற்புறுத்தும் இந்த ஒழுங்கை, நம் பிள்ளைகளின் கல்விக்கு ஏன் வற்புறுத்தாது விட்டோம்?

நடந்தவற்றை ஒருமுறை நினைவிற் கொள்வோம். கொவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 13ஆம் நாள் தொடக்கம் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் படிப்படியாகத் திறந்தன. ஒக்டோபரில் மீண்டும் மூடின. 2021 ஏப்பிரல் இறுதியில் மறுபடியும் மூடிய கதவுகள், ஒக்டோபர் 21ஆம் நாளிலேதான், இருநூறுக்குக் குறைந்த மாணவரையுடைய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளுக்கு முதலிற் திறந்தன. தொற்றுத் தணிந்ததும் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் இன்மையால் 2022 யூன், யூலை மாதங்களிலும் வகுப்புகள் குழம்பின. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலேதான் தொடங்கியது.

இடைக்காலத்தில் இணையவழிக் கல்வி என்றார்கள். வீட்டில் ஒரு கைப்பேசி, பிள்ளைகள் மூவர், தந்தை தோட்டத்துக்குப் போனால் கைப்பேசியும் அவருடன் போய்விடும். அலைவரிசை தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களை நாம் செய்தித்தாள்களிற் பார்த்தோம். இரசாயன உரத் தடை வந்ததும் அதே 2021ஆம் ஆண்டிலேதான். உரத்துக்கும் வழியின்றி நின்ற கமக்காரன், இணையக் கட்டணத்துக்கு எங்கே போவான்?

இவையெல்லாம் முடிந்த கதை, இன்று ஏன் கிளறுகின்றீர்கள் என்று சிலர் கேட்கலாம். முடிந்ததா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2020 சனவரியில் முதலாம் தரத்திற் சேர்ந்த பிள்ளை, அரிச்சுவடியை ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஒழுங்காகக் கற்றது. எழுத்தையும் எண்ணையும் கைக்கொள்ள வேண்டிய இரண்டு ஆண்டுகளும் அதற்குத் துண்டு துண்டாயின. அப்பிள்ளை 2024இல் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வகுப்பில் இருந்தது. 2030ஆம் ஆண்டளவிற் சாதாரண தரப் பரீட்சைக்கு அமரும். தொற்று நோய் நாட்டை விட்டுப் போயிருக்கலாம். அதன் கணக்கு அப்பிள்ளையின் புத்தகப் பையில் இன்னும் தீராமலே கிடக்கின்றது.

வகுப்பு ஏற ஏற இடைவெளி தானே நிரம்பிவிடும் என்று எண்ணுவோருக்கு ஒரு சான்று கூறுவோம். 2005 ஒக்டோபர் 8ஆம் நாள் பாக்கித்தானின் வடபகுதியிலும் காசுமீரிலும் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கே பாடசாலைகள் சராசரியாகப் பதினான்கு வாரங்களே மூடியிருந்தன. நான்கு ஆண்டுகளின் பின்னர் ஆய்வாளர்கள் பிள்ளைகளைச் சோதித்தபோது, நடுக்கம் தாக்கிய ஊர்களின் பிள்ளைகள் மற்றவர்களிலும் ஒன்றரை ஆண்டுக் கல்வி பின்தங்கி நின்றனர். பதினான்கு வார இழப்பு ஒன்றரை ஆண்டு இழப்பாக வளர்ந்தது எவ்வாறு? பாடசாலை திறந்ததும் ஆசிரியர் பாடத்திட்டம் நின்ற இடத்திலிருந்து தொடங்கினார். பிள்ளை அங்கே நிற்கவில்லை என்பதே ஆய்வாளர் கருதும் விளக்கம். முதற் பாடம் புரியாத பிள்ளைக்கு இரண்டாம் பாடமும் புரியாது. இழப்பு வட்டிக்கு வட்டி ஏறும் கடனாயிற்று. அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது. ஆரம்பக் கல்வியேனும் பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் அந்த இழப்பிலிருந்து தப்பியிருந்தனர். கல்லாத தாயின் பிள்ளையே அதை முழுதாகச் சுமந்தது.

எனவே நோயின் வேர் மூடிய நாட்களில் மட்டும் இல்லை. திறந்த பின் நாம் கற்பித்த முறையிலும் உள்ளது. இது கசப்பான உண்மையே. ஆயினும் இதில் ஒரு நம்பிக்கையும் உண்டு: மூடிய நாட்களை எவராலும் மீட்க இயலாது, கற்பிக்கும் முறையை மாற்ற நம்மால் இயலும்.

மற்றைய நாடுகள் யாது செய்தன? அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏறத்தாழ 13,000 பாடசாலை மாவட்டங்கள் உள்ளன. நம் கல்வி வலயத்தை ஒத்தவை, ஆனால் பெரும்பாலும் தமக்கெனத் தேர்ந்த சபையும் வரி வருமானமும் உடையவை. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2020 மார்ச் முதல் 2021 மார்ச் வரை மூன்று சட்டங்களால் ஏறத்தாழ 19,000 கோடி டொலரைப் பாடசாலைகளுக்கு ஒதுக்கியது. மூன்றாவது சட்டத்தின் கீழ்த் தனக்குக் கிடைத்ததில் ஐந்திலொரு பங்கையேனும் ஒவ்வொரு மாவட்டமும் கல்வி இழப்பை ஈடுசெய்யச் செலவிட வேண்டும் என விதித்தது. வறிய பிள்ளைகள் மிகுந்த மாவட்டங்களுக்குக் கூடுதற் பணம் சென்றது. 2022இல் ஒன்பது வயதுப் பிள்ளைகளைச் சோதித்து, வாசிப்பில் 5 புள்ளியும் கணிதத்தில் 7 புள்ளியும் வீழ்ந்தன என்று ஒளிவின்றி உலகுக்கு அறிவித்தனர். 2023 வசந்தகாலமளவில், கணித இழப்பில் ஏறத்தாழ மூன்றிலொன்றும் வாசிப்பு இழப்பில் நான்கிலொன்றும் ஓராண்டில் மீண்டதாக ஆர்வாட்டு, இசுட்டான்போட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் மதிப்பிட்டனர். மூன்று நான்கு பிள்ளைகள் கொண்ட சிறு குழுவை, ஒரே ஆசிரியர், கிழமைக்கு மூன்று நாளேனும், பாடசாலை நேரத்திலேயே கற்பித்தல் மிகுந்த பயன் தரும் வழிகளில் ஒன்று என்பதும் அங்கே கண்டதே.

அவ்வளவு பணம் நமக்கு எங்கே என்பீர்கள். பணமில்லாத வழியையும் காண்போம். தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் ஊரிலுள்ள படித்த பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரமளவு வீட்டுத் திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபா. ஏறத்தாழ 19,000 கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வொன்று, பாடசாலைகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றிலிரு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது.

இவ்விரு நாடுகளிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. அளந்தார்கள், அளந்ததை வெளியிட்டார்கள், பிள்ளை நிற்கும் இடத்துக்கு ஆசிரியரை அனுப்பினார்கள்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1997ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி விதிகள், ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையைப் பெற்றோர் மீது சுமத்தின; 2016இல் அவ்வயது பதினாறாக உயர்ந்தது. நல்ல சட்டம், அதை நாம் மதிக்கின்றோம். ஆனால் அனுப்பிய பிள்ளைக்குக் கற்பிக்கும் கடமை எவர் மீது சுமத்தப்பட்டது? அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதையும் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதி செய்வதையும் அரசின் வழிகாட்டு நெறியாகக் கூறுகின்றது. 29ஆம் உறுப்புரையோ, அந்நெறிகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாது என்கின்றது. சமத்துவ உரிமையின் பேரிற் பாடசாலை அனுமதி வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. வாயிலைத் தாண்டிய பிள்ளை உள்ளே கற்றதா என்று கேட்கும் வழக்கை எங்கே தொடுப்பது? பெற்றோரின் கடமைக்குச் சட்டம் உண்டு. அரசின் கடமைக்கு நெறி மட்டுமே உண்டு.

ஆளுகையின் நிலையும் இதனினும் மேலானதன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தாற் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பாயின. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரிலும் வடக்கினது 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. தேர்ந்த பிரதிநிதி எவருமின்றி ஆளுநரின் கீழ் மாகாணங்கள் நடந்த காலத்திலேதான் பெருந்தொற்று வந்தது. வலயக் கல்விப் பணிப்பாளர் மேலே உள்ளவருக்குப் பதில் கூறினார். கீழே நின்ற பெற்றோருக்குப் பதில் கூற எவரும் இருக்கவில்லை.

ஆகையால் நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, அளவீடு. ஒவ்வொரு வலயமும் மூன்றாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டைச் சோதிக்க வேண்டும்: ஒரு பந்தியைத் தடையின்றி வாசித்துப் பொருள் கூறுகின்றதா? கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தெரியுமா? ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளையின் பெயர் பெற்றோருக்கு மட்டும் தெரியட்டும். பாடசாலையின் தொகை ஊரறிய வேண்டும்.

இரண்டாவது, நிற்கும் இடத்திலிருந்து கற்பித்தல். நாளில் ஒரு மணி நேரம் வகுப்பெல்லையை நீக்கி, வாசிக்கத் தெரியாதவரை ஒன்றாகவும், வாசிப்பவரை வேறாகவும் கூட்டிக் கற்பிக்க வேண்டும். ஏழாந் தரப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிக்கின்றதாயின் அதில் வெட்கமில்லை. அதை அறிந்தும் ஏழாந் தர வரலாற்றை ஒப்புவிக்கச் சொல்வதே வெட்கம்.

மூன்றாவது, கடைவாய்க்காலுக்கு முதல் நீர். தலைவாய்க்காற் காணிக்கு நீர் எப்படியும் வரும். நகரத்துப் பிள்ளை தனியார் கல்வி நிலையத்தில் இழந்ததை விலைக்கு வாங்கியது. முல்லைத்தீவின் உட்கிராமத்துப் பிள்ளைக்கும், வாகரைப் பிள்ளைக்கும், மலையகத் தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கும் விலைக்கு வாங்கப் பாடசாலையைத் தவிர வேறு கடையில்லை. ஆசிரியரையும் பணத்தையும் அங்கிருந்து பங்கிடத் தொடங்குக.

இவற்றை ஆசிரியர்களின் தலையில் நாம் மட்டும் ஏற்றிவிட்டுப் போவது முறையன்று. அவர்களில் மிகப் பலர் தம் கைக்காசில் பயிற்சித்தாள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்ததை நாம் அறிவோம். 1995 இடப்பெயர்விலும் 2009இல் முடிந்த போரின் பின்னரும் மரநிழலில் வகுப்பு நடத்தி நம் சமூகத்தைக் கரையேற்றியவர்கள் அவர்களே. அவர்களுக்குத் துணை வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞரும், இளைப்பாறிய ஆசிரியரும், இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவரும் பொறியியலாளரும் கிழமைக்கு இரண்டு மாலை தந்தால் ஒவ்வொரு சனசமூக நிலையமும் ஒரு வகுப்பறையாகும்.

சட்டத்தரணி என்ற முறையில் நாம் தரக்கூடிய துணை ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம்: இவ்வலயத்தில் எத்தனை பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர்? எத்தனை பேர் வாசிக்கத் தெரியாதோர்? எத்தனை ஆசிரிய வெற்றிடங்கள்? தருவதா மறுப்பதா என்பதை அவர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். அளவீடே நடைபெறவில்லை என்று பதில் வருமாயின், அதுவும் ஒரு பதிலே. அதைக் கையிற் கொண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதோருக்கு எழுதித் தர நாம் ஆயத்தமாக உள்ளோம், கட்டணம் வேண்டாம்.

இறுதியாக, நம் குற்றத்தையும் நாமே ஒப்புக்கொள்வோம். அந்த ஆண்டுகளில் நாம் பல மேடைகளில் ஏறினோம். பல தீர்மானங்கள் நிறைவேற்றினோம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வாசிக்கத் தெரியாமல் எட்டாவது வயதுக்குள் நுழைகின்றது என்பதைப் பற்றி ஒரு தீர்மானமும் நம் கைவசம் இருக்கவில்லை. நிலம் பற்றிப் பேசுவோர், அந்நிலத்தின் உறுதியை நாளை வாசிக்க வேண்டியவன் எவன் என்பதையும் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைய செய்தித்தாளை உங்கள் பிள்ளையின் கையிற் கொடுத்து ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். எந்த இடத்தில் அது தடுமாறி நிற்கின்றதோ, அந்த இடத்திலிருந்தே நம் வேலை தொடங்குகின்றது.